கண்மாய்க்காரர்கள் ட்ரவுட் பிடிக்கப் போனால்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு மீன்பிடிப்பு என்பது பெரும்பாலும் நின்ற நீரோடு சேர்ந்த பழக்கம். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, ஒரு சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு என்று எடுத்துக்கொண்டு மடைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவோம். கோடையில் நீர் வற்றி, மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா என்று அறிவிப்பு வந்தால் ஊத்தாக் கூடையையும் கச்சா வலையையும் தூக்கிக்கொண்டு ஊரோடு இறங்குவோம். முன்னதற்குப் பொறுமையும் பின்னதற்கு முண்டியடிக்கும் தெம்பும் இருந்தால் கெண்டையோ கெளுத்தியோ ஏதாவது ஒன்று கைக்கு வந்துவிடும். இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போனால் இந்த இரண்டு திறமைகளுக்கும் அங்கே வேலை இல்லை. ஓடும் நீரைப் பார்த்து, எந்த இரண்டு முழத்துக்குள் மீன் நிற்கிறது என்று சொல்லக்கூடிய கண்தான் அங்கே வேண்டும். அந்தக் கண் வாய்க்க வருடங்கள் பிடிக்கும் என்பதால்தான் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகிறோம்.

நானும் மேலூர்க்காரரான என் மைத்துனரும் சில ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வருகிறோம். எங்களிடம் விவரம் கேட்பவர்களில் பெரும்பாலோர், ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், எத்தனை மீன் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீனைப் பிடித்துக் கையில் கொடுப்பவர் என்று நினைத்துக்கொண்டு வழிகாட்டியை அமர்த்தினால் கொடுத்த பணத்தில் பாதி வீண் என்பதே எங்கள் அனுபவம். ஆகவே அந்த இரண்டு கேள்விகளுக்கும் அப்பால் உள்ளவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஊட்டியும் மூணாறும் பக்கத்தில் இருக்க இமாசலம் வரை ஏன் போக வேண்டும் என்று கேட்பது நியாயமே. ட்ரவுட் நம் நாட்டு மீன் அன்று. மலைவாசத்தில் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன். நீலகிரியில் 1863-லேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று பார்த்தார், முட்டைகள் பிழைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அங்கே மீன் நிலைத்தது. காஷ்மீரத்தில் 1900-ஆம் ஆண்டு வாக்கில் வேரூன்றிய பிரவுன் ட்ரவுட், அங்கிருந்து 1909-இல் இமாசலத்தின் குலுவுக்கு வந்து பியாஸ் ஆற்றிலும் தீர்த்தன் உள்ளிட்ட அதன் துணையாறுகளிலும் பரவியது. நீலகிரியிலும் மூணாற்றிலும் ட்ரவுட் உள்ள ஓடைகளில் பல இன்று காப்புக்காடுகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் உள்ளே இருக்கின்றன. வெளியூர்க்காரர் ஒருவர் தூண்டிலோடு அங்கே நுழைய அனுமதி பெறுவது எளிதன்று. தீர்த்தன் ஆற்றிலோ, மீன்வளத்துறையின் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு பஞ்ஜாருக்கு மேலே நாகினி, குஷைனி போன்ற கிராமங்களின் ஓரமாகவே இறங்கிவிடலாம். அதற்கும் மேலே இருப்பது, 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பெரிய இமாலய தேசியப் பூங்கா. அதன் எல்லை தொடங்கும் இடத்தை வழிகாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மேல்நோக்கி நடக்க வேண்டும். தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் வரக்கூடாது என்று உள்ளூர் மக்களே முன்னின்று தடுத்ததால் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. குளிர்ந்த நீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் குறையாமல் இருந்தால்தான் ட்ரவுட் வாழும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது இரை எடுப்பதைக் குறைத்து வாடத் தொடங்கிவிடும் என்பதால், மீன் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு அந்த மக்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து மணாலி செல்லும் பேருந்தில் ஏறி, மண்டியைத் தாண்டி ஔட் என்ற இடத்தில், சுரங்கப்பாதைக்குள் பேருந்து நுழைவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வண்டி சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். ஔட்டிலிருந்து லார்ஜி, பஞ்ஜார் வழியாக வாடகைக் கார் கிடைக்கும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியமான வேலை. அதை மதுரையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தொலைபேசியில் பேசும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, இந்த வாரம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான். காலையில் தெளிவாக இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் பனி உருகிக் கலங்கிவிடுகிறது, ஆகையால் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும் என்று பதில் வந்தால், அவர் தினமும் ஆற்றில் இறங்குபவர். கவலைப்படாதீர்கள், பத்து மீனாவது பிடித்துவிடலாம் என்று மட்டும் பதில் வந்தால், பேசுபவர் தரகராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஒருவர் தூண்டில் நரம்பின் சிக்கலை எடுப்பதற்குள் மற்றவர் நல்ல குட்டையை மிதித்துக் கலக்கிவிடுவார். நாங்கள் முன்பதிவு செய்திருந்த நிறுவனம் ஒன்று, ஒப்புக்கொண்டதற்கு மாறாக எங்களோடு வேறொரு குடும்பத்தையும் சேர்த்து ஒரே வழிகாட்டியோடு அனுப்பியது. அந்த வழிகாட்டி பகல் முழுவதும் குழந்தைகளின் தூண்டிலைக் கிளைகளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாரே தவிர, எங்களுக்கு ஓர் இடத்தைக்கூட நின்று காட்ட முடியவில்லை. அன்றிலிருந்து ஆள் கணக்கை எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்புவதில்லை. உரிமச் சீட்டு, கம்பு, ரீல், ஆற்றில் இறங்கும் காலணி, மதிய உணவு, ஆற்றோரம் போய்வரும் வண்டி ஆகியவற்றில் எவை கட்டணத்தில் அடங்கும் என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடலாம்.

மொழி ஒரு தடை என்று பலர் தயங்குகிறார்கள். எங்கள் இந்தி பேருந்து நிலையத்தோடு நின்றுவிடும். வழிகாட்டியின் ஆங்கிலமும் அவ்வளவுதான். ஆற்றின் இரைச்சலில் எந்த மொழியும் காதில் விழாது என்பதால், முதல் நாள் காலையிலேயே கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொள்கிறோம். நில், குனி, இன்னும் மேலே வீசு, நரம்பை வளைத்துப் போடு, கரையேறு ஆகிய ஐந்துக்கும் சைகை இருந்தால் போதும். கடைசிச் சைகைக்கு மட்டும் ஏன் என்று கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும்.

ஆற்றில் இறங்குவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. நல்ல வழிகாட்டி கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் நீரோரத்தில் குந்தி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிக் காட்டுவார். அதன் அடிப்பக்கத்தில், மணல்துகள்களை ஒட்டிச் செய்த அரை அங்குலக் குழல் ஒன்று பற்றிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் வாயிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அது காடிஸ் என்ற பூச்சியின் இளம்பருவம். பக்கத்திலேயே தட்டையான உடலும் மூன்று வால் இழைகளும் கொண்ட, மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் நண்டைப் போலப் பக்கவாட்டில் நழுவும். ட்ரவுட்டின் அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பகுதி இவைதான். அந்தக் கல்லில் எந்த நிறத்தில், எந்த அளவில் பூச்சி இருக்கிறதோ, அதற்கு ஒத்த போலிப் பூச்சியைத்தான் வழிகாட்டி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுவார். நம் ஊரில் மண்புழு இல்லையென்றால் மைதா உருண்டை என்று இரையை மாற்றுவது கையிருப்பைப் பொறுத்தது. அங்கே ஆற்றின் அடியைப் பார்த்து மாற்றுகிறார்கள்.

அடுத்தது, நீரைப் படிப்பது. ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும், ஏனென்றால் இரை மேலிருந்துதான் வருகிறது. ஆனால் வேகமான நீரில் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டால் தின்பதைவிட இழப்பது அதிகமாகிவிடும். ஆகையால் வேக நீருக்கு மிக அருகில், ஆனால் அதற்குள் அல்லாமல், மெதுவான நீரில் நிற்கும். பரிமாறுபவர் வரும் வழியில் பார்த்துப் பந்தியில் இடம் பிடித்து உட்காருபவரைப் போல. பெரிய பாறையின் பின்னால் நீர் சுழலும் இடம், பாறைக்கு முன்னால் நீர் மோதித் தயங்கும் ஒரு முழ இடம், கரை அரித்து உள்வாங்கிய நிழல், வேக நீரும் மந்த நீரும் உரசிச் செல்லும் நீளமான நுரைக்கோடு ஆகியவையே அதன் வீடுகள். எங்கள் வழிகாட்டி இவற்றில் நுரைக்கோட்டைத்தான் அதிகம் நம்புவார்: நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும் என்பது அவர் கணக்கு. முதல் நாள் இதைக் கேட்டுத் தலையாட்டினாலும், இரண்டாம் நாள் காலையில் அவர் எதுவும் சொல்லாமல் நின்று, நீங்கள் காட்டுங்கள் என்று என்னிடம் சைகை செய்தபோதுதான் அந்த ஆறு எனக்குத் துண்டு துண்டாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. ஐம்பது அடி நீளத் தண்ணீரில் நாற்பது அடி வெறும் நீர்; அதில் தூண்டிலை வீசுவது நேர விரயம் என்பதைப் புரிந்துகொண்டால் மனம் அமைதியடைகிறது. நல்ல இடத்தில் ஏழெட்டு முறை வீசியும் ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். உட்கார்ந்து காத்திருப்பதையே கலையாகப் பழகிய என் மைத்துனருக்கு இந்த இடைவிடாத நடைதான் பெரிய சிரமமாக இருந்தது. "ஏன் மச்சான், நாம மீன் பிடிக்க வந்தமா, பாதயாத்திரை வந்தமா?" என்று பாறையொன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மீனின் பார்வையைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளிவிலகலால் அந்த வட்டத்தின் விளிம்பில் தாழ்வான பொருள்கள் நசுங்கி மங்கிப்போகும். உயரமாக நிற்பவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். அதனால்தான் வழிகாட்டி நம்மைக் குனியச் சொல்லி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதாவது மீனின் வால்பக்கமாக, மேல்நோக்கி நடத்திச் செல்கிறார். வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் கைக்கடிகாரமும் வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. பாறையில் தடதடவென்று மிதித்தால் அந்த அதிர்வை மீன் உடல் பக்கத்திலுள்ள உணர்வுக்கோட்டால் அறிந்து ஓடிவிடும். பேச்சு பரவாயில்லை, நடைதான் மெதுவாக இருக்க வேண்டும்.

வீசும் முறையில் கண்மாய்க்காரர்கள் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நம் தூண்டிலில் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் அது தலைகீழ்: இறகும் மயிரும் கட்டிய போலிப் பூச்சிக்குக் கனமே கிடையாது, தடித்த, வழவழப்பான நூலின் கனம்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே கல்லை எறிவதைப்போல வேகமாக வீசினால் நூல் காலடியிலேயே குவியும். கடிகாரத்தில் ஒரு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மட்டும் கம்பை அசைத்து, பின்னால் போன நூல் முழுவதுமாக நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் செலுத்த வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமையைப் பழக மதுரையிலேயே இடம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் தென்கால் கண்மாய்க் கரையில், நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன், முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகுவோம். என்ன மீன் பிடிக்கிறீர்கள் என்று நின்று கேட்பவர்களுக்கு விளக்குவதில் பாதி நேரம் போய்விடுகிறது என்றாலும், தீர்த்தனில் வழிகாட்டியின் முதல் அரைநாளை வீச்சுப் பயிற்சியில் செலவழிக்காமல் இருக்க இதைவிட வேறு வழி இல்லை. அங்கே கரையோரத்தில் மரங்கள் நெருங்கி நிற்பதால் பின்னால் நூலை நீட்ட இடம் இல்லாத இடங்களே அதிகம். ஆகவே நூலை நீரிலேயே கிடத்தி, கம்பை மெதுவாகத் தோள் வரை உயர்த்தி, முன்னால் உருட்டிவிடும் ‘ரோல் காஸ்ட்’ முறையையும் சேர்த்துப் பழக வேண்டும். நூலை நீர் பற்றிப் பிடித்தால்தான் அந்த வீச்சு வரும் என்பதால் வெறும் திடலில் இதைப் பழக இயலாது, தண்ணீர் உள்ள கண்மாய்தான் வேண்டும்.

பூச்சி நீரில் விழுந்த பிறகு அது நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். நடுவிலுள்ள வேக நீர் நூலைப் பிடித்து இழுத்தால் பூச்சி இயல்புக்கு மாறாகக் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அதைப் பார்த்த மீன் அன்றைக்கு அந்த இடத்தில் வாயைத் திறக்காது. நூலை மட்டும் மேல்நீர்ப் பக்கமாக வளைத்துப் போட்டு இதைத் தவிர்க்கிறார்கள். வழிகாட்டியின் கைச்சைகைகளில் நாங்கள் அதிகம் பார்த்தது இதைத்தான். ஃப்ளை தூண்டில் வேண்டாம் என்பவர்கள் சாதாரண ரீலில், ஸ்பின்னர் என்ற சுழலும் தகடுள்ள போலி இரையைப் போட்டும் பிடிக்கலாம்; தீர்த்தனில் பலரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், முதல் முறை போகிறவர்களுக்கு மீன் கிடைக்க அதுவே சுலபமான வழி. ஆனால் ஸ்பின்னரோடு வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டச் சொல்லுங்கள். அதிலும், மீன் கழன்றுவிடாமல் இருக்க நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மீனை விடும்போது அது உதட்டைக் கிழிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். காற்றடிக்கும் நாளில் அதே முள் நம் காதில் மாட்டிக்கொண்டாலும் சுலபமாகக் கழலும்.

முடிச்சுப் போடுவதில் ஒரு நுணுக்கம். வழிகாட்டி நரம்பை முள்ளின் துளையில் கோத்து ஐந்து சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் முடிச்சை வாயில் வைத்து எச்சில்படுத்திக்கொள்வார். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வின் சூட்டில் அது முடிச்சிலேயே வலுவிழந்துவிடும்; மீன் மாட்டிய பின் அறுந்துபோகும் நரம்புகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் அறுகின்றன. என் மைத்துனர் வீட்டுப் பெரியவர்கள் கண்மாய்த் தூண்டிலுக்கும் எச்சில்படுத்தித்தான் கட்டுவார்களாம். அதை ராசி என்று இத்தனை காலம் நினைத்திருந்தாராம்.

குளிரைப் பற்றியும் ஆற்றைக் கடப்பதைப் பற்றியும் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய தைரியம் பனி உருகிய நீரில் செல்லாது. சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப்போகும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. அடிப்பகுதியில் கம்பளிப் பட்டை ஒட்டிய காலணியும் ஊன்றுகோலும் இல்லாமல் பாசி படிந்த கற்களில் கால் வைக்கக் கூடாது. வேக நீரில் முழங்காலுக்கு மேல் இறங்காமல், மேல்நீரை நோக்கிய முகத்தோடு பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, ஒரு கால் ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, கரைக்கல்லில் தெரிந்த ஈரக்கோடு மறைந்தாலோ உடனே ஏறிவிட வேண்டும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் ஆபத்து இன்னும் அதிகம். தீர்த்தன் பள்ளத்தாக்கின் வாசலிலேயே இருக்கும் லார்ஜி அணையிலிருந்து 2014 ஜூன் 8 அன்று திறந்துவிடப்பட்ட நீரில், பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். போகும் வழியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி, அங்கேயே தூண்டில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. எத்தனை மீன், எந்த அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமத்தின் விதிகளிலேயே இருக்கிறது. அதன்படி எடுத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் நல்ல வழிகாட்டிகள் பலரும் ஆற்று மீனைத் திருப்பி விடுவதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் அடுத்த வாரம் வருபவருக்குக் காட்ட அவர்களிடம் வேறு மீன் இல்லை. வெளிநாட்டு மீன்தானே, போனால் என்ன என்ற வாதம் என் மைத்துனருடையது. நம் கண்மாய்களில் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்து நாட்டு மீன்களை ஒழித்ததைப் பார்த்தவர் அப்படிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. குலுவின் ஆறுகளிலும் நாட்டு மீன்கள் உண்டு, ட்ரவுட் அவற்றின் இடத்தையும் பிடித்திருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. இருந்தாலும் நூறாண்டுக்கு மேல் அந்த ஆற்றில் நிலைத்து, அந்தக் கிராமங்களின் வருமானமாகவும் ஆகிவிட்ட மீனை, விருந்தாளியாகப் போகிற நாம் குறைத்துவிட்டு வருவது சரியில்லை என்பதே என் முடிவு. மீன் சாப்பிட ஆசையென்றால் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் தங்கும் விடுதியிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன குழம்புத்தூளில் மைத்துனர் அதைப் புளிக்குழம்பு வைத்துப் பார்த்தார். சதை மென்மையானது, கொதியில் உதிர்ந்துவிடுகிறது. அயிரைக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருந்தது. உப்பும் மிளகும் தடவிக் கடுகெண்ணெயில் முழுதாக வறுத்தால் நன்றாக இருக்கிறது.

விடுவதற்கும் முறை இருக்கிறது. மீனைத் தொடுவதற்கு முன் கைகளை நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை அதன் உடலிலுள்ள வழவழப்பை உரித்துவிட்டால், நோய் எளிதில் பற்றிக்கொள்ளும். கரையிலோ மணலிலோ போடாமல் வலையோடு நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். படம் எடுக்க வெளியே தூக்கினால், அந்த நேரம் முழுவதும் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது மீனுக்கும் முட்டியிருக்கும். நனைந்த கையில் கிடக்கும் பிரவுன் ட்ரவுட்டை அந்தச் சில நொடிகளுக்குள் பார்த்துவிட வேண்டும்: வெண்ணெய் நிற வயிறு, பக்கங்களில் கறுப்பும் சிவப்புமான புள்ளிகள், ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் சுற்றி வெளிர்நீல வளையம். பிறகு தலையை மேல்நீரை நோக்கிப் பிடித்துச் செவுள்கள் சீராக அசையும் வரை தாங்கியிருந்தால், அதுவே வாலை அடித்துக்கொண்டு கையை விட்டுப் போகும். தள்ளிவிடக் கூடாது.

எப்போது போவது என்பதை நாட்காட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இனப்பெருக்கக் காலம் என்பதால் இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. மார்ச், ஏப்ரலில் நீர் தெளிவாகவும் அளவாகவும் இருக்கும். மே, ஜூனில் பனி உருகி மதியத்துக்கு மேல் ஆறு கலங்கிப் பெருகும். ஜூலையும் ஆகஸ்டும் வேண்டவே வேண்டாம், 2023 ஜூலையில் குலு மாவட்டம் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் பட்ட பாடு ஊரறிந்தது. ஏப்ரல்தான் சிறந்தது என்று வழிகாட்டிகள் சொன்னாலும் அந்த மாதத்தில் பெரும்பாலும் மதுரையில் சித்திரைத் திருவிழா வந்துவிடும், அழகரை விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்ப எங்கள் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே நாங்கள் மழைக்காலம் முடிந்து நீர் தெளியும் செப்டம்பர் கடைசியையும் அக்டோபரின் முதல் பாதியையும் தேர்ந்தெடுக்கிறோம். அது புரட்டாசி என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: விரதம் இருக்கும் என் மைத்துனர், பிடித்த மீனை விடுவதைப் பற்றி அந்த மாதத்தில் வாதாடுவதில்லை.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். பஞ்ஜாரைத் தாண்டினால் பணம் எடுக்கும் வசதியை நம்ப முடியாது. வழிகாட்டிக்குத் தர நினைக்கும் அன்பளிப்பை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். காலணியையும் வலையையும் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வாருங்கள், ஓர் ஆற்றின் நோய்க்கிருமியும் பாசியும் ஈரத்தோடுதான் அடுத்த ஆற்றுக்குப் பயணம் செய்கின்றன. அடுத்த முறை எந்த நிறுவனத்தின் வழியாக முன்பதிவு செய்தாலும், பழகிய வழிகாட்டியின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்தத் தேதியில் அவர் இல்லையென்றால், வேறு ஆளை ஏற்றுக்கொள்வதைவிட ரயில் டிக்கெட்டின் தேதியை மாற்றிக்கொள்வது மேல்.